பதினைந்து நிமிடம் படுத்துப் பாருங்கள்

மெத்தைக் கடைக்குள் நுழைவதற்கு முன்பே ஊசியக்கா வாசலில் நின்றுவிட்டாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் இருபது இருபத்தைந்து மெத்தைகள் கட்டில்களோடு வரிசை கட்டிக் கிடந்தன. ஒன்றில் ஓர் இளம் ஜோடி மல்லாந்து படுத்து, மேலே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. இன்னொன்றில் ஒரு தடித்த மனிதர் வாயைத் திறந்தபடி நிஜமாகவே தூங்கிப்போயிருந்தார். நாலு பேர் பார்க்கப் படுத்துக் காட்ட வேண்டும். அதுவும் இன்னும் தன்னைக் கல்யாணம் செய்துகொள்ளாத மனிதரின் பக்கத்தில்.

“என்னங்க, உள்ள போலாமா?” என்றார் லிஃப்ட்காரர்.

“போலாம்” என்றாள். கால்தான் வரவில்லை.

ஊசியக்கா என்பது ரத்தப் பரிசோதனைக்கு வருகிற குழந்தைகள் வைத்த பெயர். பிறகு பெரியவர்கள் வாயிலும் அதுவே நிலைத்துவிட்டது. வயது ஐம்பத்திரண்டு. இருபத்தாறு வருடமாக ரத்தம் எடுக்கிற வேலை. “கையைத் தளர்த்திக்கோ கண்ணு, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்” என்று ஒரு நாளைக்கு நாற்பது பேரிடமாவது சொல்வாள். நரம்பே தட்டுப்படாத கைகளிலும், பயத்தில் கட்டையாகிப்போன கைகளிலும் ஒரே குத்தில் எடுத்துவிடுவாள். ஊரார் உடம்பெல்லாம் அவள் பேச்சைக் கேட்கும். அவள் உடம்பு மட்டும் கேட்காது. ஒன்பது வருடமாக அவள் படுத்துத் தூங்கியதில்லை.

கூடத்தில் ஒரு சாய்வான நாற்காலி. முன்னால் ஒரு முக்காலி. அதில் காலை நீட்டி, போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்குவாள். இது யாருக்கும் தெரியாது. மகள் வருகிற நாட்களில் மட்டும் கட்டிலில் படுத்து, விடிகிறவரை கொட்டக் கொட்ட விழித்துக் கிடப்பாள். மகளுக்கே தெரியாதது லிஃப்ட்காரருக்கு எப்படித் தெரியும்?

அவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். அவரோடு இரண்டு வருடப் பழக்கம். ஒரு நாள் அவள் வேலை பார்க்கும் கட்டடத்தில் லிஃப்ட் நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் நின்றுபோனது. உள்ளே அவள் தனியாக, கையில் ரத்தக் குழாய்கள் அடுக்கிய பெட்டியோடு. வெளியிலிருந்து ஒரு குரல் கேட்டது. “நான் இங்கதான் நிக்கிறேன். அஞ்சு நிமிஷம்னு பொய் சொல்ல மாட்டேன். நாற்பது நிமிஷம் ஆகும். உக்காந்துக்குங்க.” நாற்பதாவது நிமிடம் கதவு திறந்தது. தொண்ணூற்றாறு கிலோ எடையில் ஒரு மனிதர் வியர்த்து வழிந்து நின்றுகொண்டிருந்தார். மனைவியை இழந்து ஆறு வருடம் ஆனவர் என்பது பிறகு தெரிந்தது. பழக்கம் பேச்சாகி, பேச்சு பிள்ளைகள் காதுவரை போய், “உனக்கும் ஒரு துணை வேண்டாமாம்மா?” என்று அவள் மகளே கேட்கும்படி ஆயிற்று. அடுத்த புதன்கிழமை பதிவு அலுவலகத்தில் கையெழுத்து. இரண்டாம் மாடியில் ஒரு வாடகை வீடு பார்த்தாயிற்று. அலமாரி அவருடையது, பாத்திரங்களும் சாய்வு நாற்காலியும் அவளுடையவை. மெத்தை மட்டும் புதிதாக இருக்கட்டும் என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். ஏன் என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவில்லை.

கடைக்காரப் பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. லிஃப்ட்காரர் ஒரு மெத்தையைக் கட்டை விரலால் அமுக்கிப் பார்ப்பதைக் கண்டதும் ஓடி வந்தாள்.

“சார், அமுக்கிப் பாத்து வாங்க இது மாம்பழமா? படுத்துப் பாருங்க. ஒவ்வொண்ணுலயும் பதினஞ்சு நிமிஷம். முதல் அஞ்சு நிமிஷம் எல்லா மெத்தையும் சுகமாத்தான் இருக்கும். அப்புறம்தான் உடம்பு உண்மையைச் சொல்லும்.”

உடம்பு உண்மையைச் சொல்லுமாம். அது தெரிந்துவிடுமே என்றுதான் ஊசியக்காவுக்குக் கவலை.

“சார் எப்படிப் படுப்பீங்க? மல்லாந்தா, ஒருக்களிச்சா, குப்புறவா?”

“ஒருக்களிச்சுதான் படுப்பேன். காலைல பாத்தா மல்லாந்து கிடப்பேன். நடுவுல என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியாது.”

“அம்மா நீங்க?”

“நானும்... அப்படித்தான்.”

முதலில் ஒரு நார் மெத்தை. பலகை மாதிரி இருந்தது. “எனக்குத் தோள் வலிக்குதுங்க” என்று லிஃப்ட்காரர் பத்தே நிமிடத்தில் எழுந்துவிட்டார். ஒருக்களித்துப் படுக்கிறவர்களுக்குத் தோளும் இடுப்பும் கொஞ்சம் உள்ளே போக வேண்டும், போகவில்லை என்றால் மொத்த எடையும் அந்த இரண்டு எலும்பின் மேல்தான் உட்காரும் என்று அந்தப் பெண் விளக்கினாள். மல்லாந்து படுக்கச் சொல்லி, ஊசியக்காவின் இடுப்புக்குக் கீழே கையை நுழைத்துப் பார்த்தாள். கை தாராளமாகப் போய் வந்தது. “பாத்தீங்களா, இடுப்பு அந்தரத்துல நிக்குது. இது உங்களுக்கும் ஆகாது.”

அடுத்தது ஸ்பிரிங் மெத்தை. ஊசியக்கா ஓரமாகப் படுத்திருந்தாள். லிஃப்ட்காரர் வந்து மறுபக்கம் உட்கார்ந்தாரோ இல்லையோ, அவளுடைய நாற்பத்தேழு கிலோ உடம்பு உருண்டு போய் அவர் முதுகில் மோதி நின்றது. அந்த இளம் ஜோடி வாய்விட்டுச் சிரித்தது. தூங்கிக்கொண்டிருந்த தடித்த மனிதர்கூட விழித்துக்கொண்டார்.

“அடடா, அடி பட்டுச்சா?” என்று பதறினார் லிஃப்ட்காரர்.

“இல்ல இல்ல.” அவளுக்குக் காதெல்லாம் சூடாகியது. ஆனால் அந்த நிமிடத்தில் பயம் கொஞ்சம் மறந்தது என்பதும் உண்மை.

மூன்றாவது, உடம்பின் சூட்டுக்கு இளகி உள்வாங்குகிற ஃபோம் மெத்தை. அதில் யார் புரண்டாலும் பக்கத்தில் படுத்திருப்பவருக்குத் தெரியாது என்றாள் கடைக்காரப் பெண். லிஃப்ட்காரர் ஒருக்களித்துப் படுத்துக் கண்ணை மூடினார். இரண்டே நிமிடத்தில் அவர் மூச்சு சீரானது. ஊசியக்கா மல்லாந்து கிடந்தாள். மெத்தை மெல்ல மெல்ல அவளை உள்ளே இழுத்துக்கொண்டது. தோள் இறங்கியது, இடுப்பு இறங்கியது, காதோரம்வரை மெது மெதுவென்று ஏறி வந்தது. கடையின் சத்தமெல்லாம் எங்கோ தூரத்துக்குப் போய்விட்டது. யாராவது கூப்பிட்டால் கேட்காது. இப்போது யாராவது கூப்பிட்டால் எனக்குக் கேட்கவே கேட்காது என்று நினைத்தாள். நெஞ்சு அடித்துக்கொள்ள ஆரம்பித்தது.

“உடம்பைத் தளர்த்துங்கம்மா, இவ்வளவு விறைப்பா இருந்தா எதுவும் தெரியாது” என்றாள் அந்தப் பெண்.

ஊசியக்கா சடாரென்று எழுந்து உட்கார்ந்தாள். “இதுவே நல்லா இருக்கு. இதையே எடுத்துக்கலாம்.”

“நாலு நிமிஷம்கூட ஆகலையேம்மா.”

“எனக்குத் தெரிஞ்சுடுச்சு. இதுதான்.”

லிஃப்ட்காரர் கண்ணைத் திறந்தார். “உங்களுக்கும் பிடிச்சிருக்கா? எனக்கும் இது ரொம்ப சுகமா இருக்குங்க.” அவர் முகத்தில் அப்படி ஒரு நிறைவு. அதைப் பார்த்த பிறகு அவளுக்கு மாற்றிச் சொல்ல வாய் வரவில்லை. முப்பது நாளைக்குள் ஒத்துவரவில்லை என்றால் மாற்றிக்கொள்ளலாம் என்று கடைக்காரப் பெண் ரசீதின் ஓரத்தில் வட்டம் போட்டுக் காட்டினாள்.

புதன்கிழமை கையெழுத்து நல்லபடியாக முடிந்தது. மகளும் அவருடைய மகனும் மருமகளும் வந்திருந்தார்கள். எல்லோரும் சாப்பிட்டு, சிரித்து, படம் எடுத்து, சாயங்காலம் கிளம்பினார்கள். கிளம்பும்போது மகள் அவள் காதில், “இனிமே நீ தனியா இருக்கியேன்னு நான் ராத்திரியெல்லாம் முழிச்சுக்கிட்டு இருக்க வேண்டியதில்ல” என்றாள். ஊசியக்கா தலையாட்டினாள்.

அன்று முதல் ஒரு புது வேலை சேர்ந்துகொண்டது. லிஃப்ட்காரர் படுத்த கால் மணி நேரத்தில் தூங்கிவிடுவார். அவருக்குக் குறட்டை விழுந்ததும் ஊசியக்கா ஓசைப்படாமல் எழுந்து கூடத்துக்குப் போய் நாற்காலியில் சாய்ந்துகொள்வாள். அவர் ஐந்தரைக்கு எழுகிறவர். ஐந்தே காலுக்கு அவள் திரும்பி வந்து பக்கத்தில் படுத்துக்கொள்ள வேண்டும். அந்தக் கவலையிலேயே இரண்டு மணிக்கு ஒரு முறை, மூன்று மணிக்கு ஒரு முறை விழிப்பு வந்துவிடும். முன்பு நாற்காலியிலாவது நிம்மதியாகத் தூங்கினாள். இப்போது அதுவும் போயிற்று. யாருக்கோ தெரியாமல் எதையோ திருடுகிற மாதிரி சொந்த வீட்டில் பூனை நடை நடந்தாள்.

சொல்லிவிடலாம் என்று தினமும் நினைப்பாள். காலையில் அவர் தேநீர்க் கோப்பையை நீட்டும்போது சொல்லலாம் என்று தோன்றும். ஆனால் எப்படி ஆரம்பிப்பது? ‘உங்க பக்கத்துல என்னால படுக்க முடியல’ என்றா? கல்யாணம் ஆகி ஒரு வாரத்தில் எந்த மனிதனிடம் அதைச் சொல்வது? முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், இப்போது சொன்னால் ஏமாற்றிய மாதிரி ஆகிவிடும் என்று மென்று முழுங்குவாள். ஒரு நாள் தள்ளிப்போட்டால் அடுத்த நாள் சொல்வது இன்னும் கடினமாகிவிடும்.

பத்தாவது நாள் வேலையில் அது வெளியே வந்தது. இரண்டு பேரிடம் அடுத்தடுத்து ரத்தம் எடுத்தவள், ஒருவர் பெயர்ச் சீட்டை மற்றவர் குழாயில் ஒட்டிவிட்டாள். பெட்டியில் வைக்கிறபோது கை நின்றது. இரண்டு குழாய்களையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். இருபத்தாறு வருடத்தில் இப்படி ஆனதில்லை. இவர் ரத்தத்துக்கு அவர் மருந்து சாப்பிட்டிருந்தால்? அவளே போய்ப் பெரிய டாக்டரிடம் சொன்னாள். இரண்டு பேரையும் திரும்பக் கூப்பிட்டு, மன்னிப்புக் கேட்டு, மறுபடி எடுத்தாள். டாக்டர் திட்டவில்லை. “வீட்டுக்குப் போய்த் தூங்குங்க. கண்ணைப் பாத்தா பயமா இருக்கு” என்றார்.

அவளை அழைத்துப்போக வந்த லிஃப்ட்காரர் வழியில் விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். வீட்டுப் படியேறும்போது நின்றார்.

“அந்த மெத்தை உங்களுக்கு ஒத்துக்கல. நான் ஒரு மடையன். எனக்கு சுகமா இருக்குன்னதும் உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும்னு நெனச்சுட்டேன். என் எடைக்கு அது குழி விழுது, நீங்க சரிவுல படுத்துக்கிட்டு ராத்திரி பூரா அவஸ்தைப்படறீங்க. வாய் தொறந்து ஒரு வார்த்தை சொல்லல பாருங்க.”

“அதெல்லாம் இல்லைங்க...”

“நாளைக்கு சனிக்கிழமை. போய் மாத்திடலாம். இன்னும் பதினாறு நாள் இருக்கு.”

அவர் குரலில் இருந்த குற்ற உணர்ச்சி அவள் நெஞ்சில் ஈட்டி மாதிரி பாய்ந்தது. தப்பு தன் மேல், பழி அவர் மேல். இப்போதாவது சொல்லித் தொலை என்று மனசு கெஞ்சியது. ஆனால் அவர் ஏற்கெனவே ஒரு துண்டுத்தாளை எடுத்துக் கட்டிலின் நீள அகலத்தை எழுதத் தொடங்கியிருந்தார்.

மறுநாள் கடையில் கூட்டம் இல்லை. கடைக்காரப் பெண் அடையாளம் கண்டுகொண்டு இருவரையும் உட்காரவைத்தாள். ஒரு நோட்டை எடுத்து ஊசியக்காவைப் பார்த்துக் கேள்வி கேட்க ஆரம்பித்தாள்.

“எழுந்திரிக்கும்போது எங்கம்மா வலி? கீழ் முதுகா, தோளா?”

“கழுத்து.”

“கழுத்து மட்டுமா? இடுப்பு?”

“இல்ல. கழுத்தும் கணுக்காலும். கால் கொஞ்சம் வீங்குது.”

அந்தப் பெண் எழுதுவதை நிறுத்தினாள். “கால் வீங்குதா? படுத்து எழுந்தா கால் வீக்கம் வடியத்தானேம்மா செய்யும்? மெத்தை சரியில்லைன்னா இடுப்பு வலிக்கும், தோள் மரத்துப்போகும். கழுத்தும் காலும்னா பஸ்ல ராத்திரிப் பயணம் போறவங்கதான் சொல்லுவாங்க.” சொல்லிக்கொண்டே வந்தவள் யோசிக்காமல் கேட்டுவிட்டாள். “நீங்க அந்த மெத்தைல படுக்கறீங்கதானே?”

ஊசியக்காவின் முகம் வெளுத்துப்போனது. ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் சிலர் ஊசியைப் பார்த்ததும் இப்படித்தான் வெளிறிப்போவார்கள். லிஃப்ட்காரர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மூடின கதவுக்குப் பின்னால் எந்தக் கம்பி அறுந்தது என்று சத்தத்தை வைத்தே கண்டுபிடிக்கிறவர் அவர்.

“காலைல உங்க பக்கம் சில்லுனு இருக்கும்” என்றார் மெதுவாக. “நான் வேற என்னமோ நெனச்சேன்.”

எழுந்து வெளியே போய்விட்டார்.

அவள் பின்னாலேயே ஓடினாள். அடுத்த கடையின் படியோரம் அவர் சாலையைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். ஒரு லாரியிலிருந்து இரண்டு பேர் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

“பத்து நாளா எங்க தூங்கற?” என்றார். இதுவரை ‘நீங்க’ என்றே பேசிவந்தவர். கோபத்தில் அது உதிர்ந்துபோனது.

“கூடத்துல. நாற்காலில.”

“என் பக்கத்துல படுக்கப் பிடிக்கலைன்னா கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாம். நான் என்ன சின்னப் பையனா? ஒரு வீட்ல ரெண்டு ரூம் இருக்கு. புரிஞ்சுக்க மாட்டேனா?”

“ஐயோ, நீங்க இல்லைங்க காரணம். உங்களால இல்ல.”

“பின்ன யாரால?”

பெட்டி இறக்குகிறவர்கள் காதில் விழுமே என்று அவள் பார்க்கவில்லை. நின்ற இடத்திலேயே சொல்ல ஆரம்பித்தாள். மகளின் அப்பா பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துபோய் இரண்டு வருடம் படுக்கையில் கிடந்தார். அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தே தூங்குவாள். அவர் முனகினால் எழுந்துவிடுவாள். ஒரு நாள் வேலையிடத்தில் ஆளில்லாமல் இரண்டு ஷிஃப்ட் சேர்ந்தாற்போல வேலை பார்த்துவிட்டு வந்தவள், ஒரே ஒரு மணி நேரம் என்று பக்கத்து அறையில் போய் உடம்பைக் கிடத்தினாள். எழுந்தபோது விடிந்திருந்தது. அவர் தரையில் கிடந்தார். இடுப்பு எலும்பு உடைந்திருந்தது. மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் இருந்து, சளி கட்டி, போய்விட்டார்.

“அவர் என்னைக் குறை சொல்லலைங்க. ‘நாலு தடவை கூப்பிட்டேன், பாவம் நீ அசந்துட்டே’ன்னு மட்டும் சொன்னாரு. அந்த நாலு தடவை எனக்குக் கேக்கல. படுத்தா எனக்கு அதுதான் வருது. காது அடைச்சுக்கிட்ட மாதிரி. நெஞ்சு அடிச்சுக்குது, எழுந்து உக்காந்தாத்தான் நிக்குது. பைத்தியக்காரத்தனம்னு தெரியுது. தெரிஞ்சு என்ன செய்ய?”

லாரி கிளம்பிப் போனது. லிஃப்ட்காரர் கைக்குட்டையை எடுத்து, அவளிடம் நீட்டுவதா தன் முகத்தைத் துடைத்துக்கொள்வதா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, தன் முகத்தையே துடைத்துக்கொண்டார்.

“ஒண்ணு சொல்லட்டுமா?” என்றார் கடைசியில். “நான் தொண்ணூத்தாறு கிலோ. நான் கட்டில்லேந்து விழுந்தா உனக்குக் கேக்குதோ இல்லையோ, கீழ்வீட்டுக்காரன் கண்டிப்பா மேல ஓடி வந்துடுவான்.”

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து மூக்கால் வெளியேறியது. அவருக்கும் உதடு துடித்தது. ஆனால் அவர் உடனே சமாதானமாகிவிடவில்லை. “நாற்பது நிமிஷம் ஆகும்னா நாற்பதுன்னு சொல்ற ஆள் நான். என்கிட்டயும் அப்படித்தான் சொல்லணும். பத்து நாள் நான் என்னவெல்லாம் நெனச்சேன் தெரியுமா?” என்றார். அவள் தலை குனிந்து கேட்டுக்கொண்டாள். அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை.

திரும்ப உள்ளே போனபோது கடைக்காரப் பெண் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். “தெரியாம கேட்டுட்டேன்மா, மன்னிச்சுக்குங்க.”

“நீ கேக்கலைன்னா நான் இன்னும் நாற்காலிலதான் உக்காந்திருப்பேன்” என்றாள் ஊசியக்கா. இந்த முறை மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். உள்வாங்குகிற மெத்தை தனக்கு ஆகாது, காது திறந்திருக்க வேண்டும், ஒரேயடியாக மல்லாந்து படுக்க முடியாது.

அந்தப் பெண் யோசித்தாள். ஒரு பெரிய மெத்தை எதற்கு, ஒரே கட்டிலில் இரண்டு ஒற்றை மெத்தைகளைச் சேர்த்துப் போடலாமே என்றாள். சாருக்கு, அடியில் கெட்டியாகவும் மேலே இரண்டு விரல்கடை மெதுவாகவும் உள்ளது. அப்போதுதான் அந்த எடைக்கு இடுப்பு உள்ளே அமுங்காது. அம்மாவுக்கு அளவான கெட்டியில் ரப்பர் மெத்தை. அமுக்கினால் உடனே எழும்பும், ஆளைப் பிடித்துவைக்காது. தலைமாட்டில் முக்கோணமாக ஒரு சாய்மானம். முதல் சில நாள் உயரமானதை வைத்துச் சாய்ந்திருக்கலாம், பிறகு சின்னது, வேண்டாம் என்றால் எடுத்துவிடலாம். ஊசியக்கா அந்த ரப்பர் மெத்தையில் சாய்மானத்தோடு படுத்தாள். அந்தப் பெண் இடுப்புக்குக் கீழே கையை விட்டுப் பார்த்தாள். விரல் நுழைந்தது, உள்ளங்கை நுழையவில்லை. “இது சரி” என்றாள்.

லிஃப்ட்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். ஆறாவது நிமிடம் அவளுக்கு நெஞ்சு படபடத்தது. “வருது” என்றாள். “எழுந்துக்கோ” என்றார். எழுந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி படுத்தாள். பதினைந்து நிமிடம் ஆவதற்குள் மூன்று முறை எழுந்தாள். யாரும் அவசரப்படுத்தவில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். முதல் வாரம் இரண்டு நாள் நாற்காலிக்கே போனாள். ஆனால் சொல்லிவிட்டுப் போனாள். “நான் போறேன்” என்பாள். “ம்” என்று ஒரு சத்தம் வரும். அதுவே பாதிப் பாரத்தை இறக்கியது. அவர் குறட்டை விட்டால் தூக்கம் கெடும் என்று கல்யாணத்துக்கு முன் பயந்தவள், இப்போது குறட்டை நின்றால்தான் விழித்துக்கொண்டாள். கையை நீட்டி அவர் மார்பு ஏறி இறங்குகிறதா என்று தொட்டுப் பார்ப்பாள். ஒரு முறை அவர் தூக்கத்திலேயே, “இருக்கேன், இருக்கேன்” என்று சலித்துக்கொண்டார். மூன்றாவது வாரம் உயரமான சாய்மானத்தை எடுத்துவிட்டுச் சின்னதை வைத்தாள். கால் வீக்கம் வடிந்தது. பெயர்ச் சீட்டை இரண்டு முறை வாய்விட்டுப் படித்த பிறகே ஒட்டுவது என்று வேலையில் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. லிஃப்ட்காரருக்கு அவசர வேலை ஒன்று வந்து காலையிலேயே போய்விட்டார். ஊசியக்கா துணிகளைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டு, கதவைத் தாழ்ப்பாள் போட்டு, ஒரு பத்து நிமிடம் முதுகைச் சாய்க்கலாம் என்று படுத்தாள்.

கண் விழித்தபோது ஜன்னல் வெயில் எதிர்ச் சுவருக்குப் போயிருந்தது. எங்கே இருக்கிறோம் என்றே ஒரு கணம் புரியவில்லை. மல்லாந்து, கையைக் காலை விரித்துப் போட்டுக் கிடந்தாள். மணி மூன்றேகால். அவர் ஒரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். எழுந்த வேகத்தில் கட்டில் காலில் இடித்துக்கொண்டு, நொண்டியபடியே ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள்.

லிஃப்ட்காரர் மாடிப்படியில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கருவிப் பை. கையில் யாரோ போட்டுப்போன ஒரு விளம்பரத் தாள்; அதை எத்தனையாவது முறையாகப் படித்துக்கொண்டிருந்தாரோ.

“ஐயோ! எப்ப வந்தீங்க? கூப்பிட்டீங்களா?”

“கூப்பிட்டேன். தட்டினேன். ஃபோன் பண்ணேன், உள்ள அடிக்கற சத்தம் எனக்குக் கேட்டுச்சு, உனக்குக் கேக்கல. வராண்டா ஜன்னல் வழியா எட்டிப் பாத்தேன். நல்லா தூங்கிட்டிருந்தே.”

அவர் தோளைப் பிடித்தாள், நெற்றியைத் தொட்டாள், கையைத் திருப்பி நாடி பார்த்தாள். எல்லாம் ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

“எனக்கு ஒண்ணும் இல்ல” என்றார் எரிச்சலாக. “ரெண்டு மணி நேரமா கல்லுப் படில உக்காந்து இடுப்பு போச்சு. பசி உயிர் போகுது. முதல்ல எழுப்பி விடு.”

அவள் இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். ஒரு அங்குலம்கூட நகரவில்லை. அவரே சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். உள்ளே வந்து, சாப்பிட என்ன இருக்கிறது என்று பாத்திரங்களின் மூடியை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க ஆரம்பித்தார். ஒன்றும் இல்லை. அவள் இன்னும் சமைக்கவே இல்லை.

“முட்டை இருக்கு” என்றாள். “அஞ்சு நிமிஷம்.”

அவர் திரும்பிப் பார்த்தார்.

“இல்ல” என்றாள். “இருபது நிமிஷம் ஆகும்.”